ஓட்டை விழுந்தால் எந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்? கப்பல் டீசல் இன்ஜின் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் அழுத்தக் கணக்கு

வேலூரிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் கிழக்கே ஏறக்குறைய 140 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனாலும் காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து மெக்கானிக்கல் டிப்ளமோவோ ஐடிஐ ஃபிட்டரோ முடித்துவிட்டுக் கப்பல் இன்ஜின் ரூமுக்கும் விசைப்படகுப் பட்டறைக்கும் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் சீக்கிரமே எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. கடல் தண்ணீரால் இன்ஜினைக் குளிரவைக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் ஒரு டியூப் ஓட்டையானால் கடல் தண்ணீர் இன்ஜினுக்குள் வருமா, இன்ஜினுக்குள் சுற்றும் கூலண்ட் என்ற நல்ல தண்ணீர் கடலுக்குப் போகுமா?

இதற்கு இரண்டு பதில்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. "கூலண்ட் பக்கம் பிரஷர் கேப் என்ற அழுத்த மூடி போட்டு மூடியிருக்கிறது, அங்கேதான் அழுத்தம் அதிகம், அதனால் கூலண்ட்தான் வெளியே போகும்" என்பது ஒன்று. "கடல் தண்ணீரைப் பம்ப் தள்ளுகிறது, அங்கேதான் அழுத்தம் அதிகம், அதனால் கடல் தண்ணீர்தான் உள்ளே வரும்" என்பது இன்னொன்று. இரண்டுமே பாதி சரி. அந்தப் பாதியை நம்பி வேலையில் இறங்கினால் நல்ல பாகத்தைக் கழற்றி மாற்றிவிட்டு, கெட்டதை அப்படியே விட்டுவிடுவோம். உப்பு இன்ஜினுக்குள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

முழுப் பதிலைப் புரிந்துகொள்ளக் கடற்கரைக்குப் போக வேண்டியதில்லை. வேண்டிய உதாரணம் எல்லாம் நம் தெருவிலும் கழனியிலுமே கிடக்கிறது.

## தண்ணீர் விடும் நாளும் விடாத நாளும்

நம் ஊர்த் தெருக்களில் குழாய்த் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுகிறார்கள். மண்ணுக்கடியில் போகும் குழாயில் ஒரு விரிசல் இருக்கிறது, பக்கத்திலேயே சாக்கடை ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர் விடும் நேரத்தில் விரிசல் வழியே நல்ல தண்ணீர் வெளியே பீறிட்டு ரோடு நனையும். தண்ணீர் நின்றதும் குழாய் காலியாகிறது, உள்ளே தள்ளுவதற்கு எதுவும் இல்லை. இப்போது அதே விரிசல் வழியே வெளியிலிருக்கும் அழுக்குத் தண்ணீர் உள்ளே கசியும். அடுத்த முறை தண்ணீர் வரும்போது முதல் இரண்டு குடம் கலங்கலாக வருவதற்கும், அதை நாம் கீழே ஊற்றிவிடுவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

விரிசல் ஒன்றுதான். திசை மட்டும் மாறியது. மாற்றியது விரிசலின் இரு பக்கமும் அந்த நேரத்தில் இருந்த அழுத்தம். ஹீட் எக்ஸ்சேஞ்சரிலும் நடப்பது இதேதான்: ஓட்டை இருக்கும் அந்த இடத்தில், அந்த நிமிடத்தில், எந்தப் பக்கம் அழுத்தம் கூடுதலோ அந்தப் பக்கத்துத் தண்ணீர் மறுபக்கம் போகும்.

ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலையில் அனல்மின் நிலையக் கொதிகலன்களுக்காக ஏர் ப்ரீஹீட்டர் செய்கிறார்கள், அதாவது உள்ளே போகும் காற்றை வெளியேறும் புகையின் சூட்டால் சூடாக்கும் சாதனம். அதில் ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் புகை. காற்றை ஒரு ஃபேன் உள்ளே தள்ளுகிறது, புகையை இன்னொரு ஃபேன் வெளியே இழுக்கிறது. ஆகவே சீல் எங்கே தேய்ந்தாலும் காற்றுதான் புகைப் பக்கம் போகும். திசை மாறுவதே இல்லை, ஏனென்றால் ஃபேன்கள் அப்படி வைக்கப்பட்டிருக்கின்றன. படகு இன்ஜினில் அந்த உறுதி கிடையாது. குழப்பமெல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

## அழுத்தம் வேறு, ஓட்டம் வேறு

மாடியில் இருக்கும் தொட்டியில் தண்ணீர் மட்டம் கீழ்க் குழாயிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருந்தால், மூடிய குழாயில் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். பார் என்பது அழுத்தத்தின் அளவு. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமும் கடல் மட்டத்தில் ஏறக்குறைய 1 பார்தான். அந்தக் காற்றழுத்தத்தைப் பூஜ்யமாக வைத்து அதற்கு மேல் எவ்வளவு என்று காட்டுவது கேஜ் அழுத்தம். இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் எல்லாம் கேஜ் அழுத்தமே.

குழாய் மூடியிருந்தபோது 1 பார் இருந்தது, ஓட்டம் இல்லை. திறந்தால் ஓட்டம் வருகிறது, குழாய் வாயில் அழுத்தம் பூஜ்யமாகிறது. அப்படியானால் அழுத்தம் அதிகம் என்றால் ஓட்டமும் அதிகம் என்று சொல்ல முடியாது.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்துப் பாருங்கள். ஹோஸ் முழுக்க விறைத்துக்கொள்ளும். விரலுக்கு முன்னால் அழுத்தம் ஏறிவிட்டது, விரலைத் தாண்டியதும் பூஜ்யம். தடை எங்கே இருக்கிறதோ அதற்கு முன்னால் அழுத்தம் ஏறும், பின்னால் இறங்கும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதிக் கட்டுரை சுலபம்.

## ஆயில் இன்ஜினிலிருந்து படகு இன்ஜினுக்கு

வடஆற்காட்டுக் கிணற்று மேட்டில் நிற்கும் பழைய ஆயில் இன்ஜினைப் பார்த்திருப்பீர்கள். பல இன்ஜின்களில் பம்பின் டெலிவரிக் குழாயிலிருந்து ஒரு சின்னக் குழாய் பிரிந்து, இன்ஜின் உறைக்குள் புகுந்து சுற்றி, வெதுவெதுப்பாக வெளியே வந்து கால்வாயில் விழும். ஒரு முறை போய்விட்டு வெளியேறும் தண்ணீர் அது. கிணற்றுத் தண்ணீர் தீராதவரை இன்ஜின் சூடேறாது.

கடலில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. அப்படியே உள்ளே விட்டால் என்ன? விட்ட இன்ஜின்களும் உண்டு. ஆனால் உப்பு இரண்டு வகையில் கெடுக்கிறது. இரும்பையும் அலுமினியத்தையும் அரிக்கிறது. அதோடு கடல் தண்ணீர் ஏறக்குறைய 50 டிகிரிக்கு மேல் சூடானால் அதிலுள்ள உப்புகள் சூடான சுவரில் படியத் தொடங்கும். நம் வீட்டு போர் தண்ணீரைக் காய்ச்சும் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகத் தடித்துப்போவது போலத்தான். டீசல் இன்ஜின் நன்றாக எரிய அதன் உறை 80 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும், கடல் தண்ணீரோ 50ஐத் தாண்டக்கூடாது. இரண்டையும் ஒரே தண்ணீரால் செய்ய முடியாது.

அதனால்தான் இரண்டு சுற்று. இன்ஜினுக்குள் சுற்றிச் சுற்றி வருவது நல்ல தண்ணீர், துருவைத் தடுக்கும் மருந்து கலந்தது, அதுதான் கூலண்ட். வெளியிலிருந்து வந்து ஒரே முறை கடந்து மறுபடி கடலுக்கே போவது உப்புத் தண்ணீர். இரண்டும் கலக்காமல் சூட்டை மட்டும் கைமாற்றும் இடம் ஹீட் எக்ஸ்சேஞ்சர்.

படகு இன்ஜினில் அது ஒரு உருளை. உள்ளே செம்பு-நிக்கல் கலவையில் செய்த மெல்லிய டியூப்கள் கட்டாக நெருக்கி வைக்கப்பட்டிருக்கும். சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது, சுவர் கனம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். டியூபுக்குள் உப்புத் தண்ணீர் போகும், டியூபைச் சுற்றிக் கூலண்ட் போகும். இரு முனையிலும் மூடி, மூடிக்கும் டியூப் கட்டுக்கும் நடுவே ரப்பர் ஓ-ரிங். எங்காவது ஓர் இடத்தில் பென்சில் போன்ற ஜிங்க் துண்டு ஒன்று திருகப்பட்டிருக்கும்; டியூபுக்குப் பதிலாகத் தான் கரைந்துபோவதற்காக வைத்த துண்டு. அது முக்கால்வாசி கரைந்த பிறகும் மாற்றாமல் விட்டால் அடுத்துக் கரைவது டியூப்தான்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: நல்ல தண்ணீரையும் உப்புத் தண்ணீரையும் பிரிப்பது 1 மில்லிமீட்டர் உலோகமும் சில ரப்பர் வளையங்களும். அவற்றில் ஒன்று விட்டுக்கொடுத்தால் திசையை முடிவு செய்வது அழுத்தம்.

## உப்புத் தண்ணீர்ப் பக்கம் அழுத்தம் எப்படி வருகிறது

தண்ணீர் வரும் வழியைப் பார்ப்போம். படகின் அடிவயிற்றில் சீ காக் என்ற வால்வு. அதைத் தாண்டி ஸ்ட்ரெயினர், அதாவது பாசியையும் குப்பையையும் பிடிக்கும் வடிகட்டி. பிறகு பம்ப், ஹீட் எக்ஸ்சேஞ்சர், கடைசியில் எக்ஸாஸ்ட் எல்போ, அதாவது புகைக்குழாயின் வளைவு. அங்கே தண்ணீர் புகையோடு கலந்து வெளியே கொட்டும். கொட்டுகிற இடம் திறந்த வெளி, ஆகவே அங்கே அழுத்தம் பூஜ்யம்.

இந்தப் பம்புக்குள் இருப்பது ரப்பர் இம்பெல்லர். வளையக்கூடிய இறக்கைகள் கொண்ட சக்கரம். ஒரு சுற்றுக்கு இவ்வளவு தண்ணீர் என்று அளந்து தள்ளும் வகை. அது "இவ்வளவு அழுத்தம் தருவேன்" என்று எந்த வாக்கும் கொடுப்பதில்லை. எவ்வளவு அழுத்தம் ஏறும் என்பதை அதற்குப் பின்னால் இருக்கும் தடைதான் தீர்மானிக்கிறது. ஹோஸும் கட்டைவிரலும் நினைவிருக்கட்டும்.

ஓர் உதாரணக் கணக்கு. இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்றில் ஓடும்போது ஹீட் எக்ஸ்சேஞ்சரின் நுழைவில் 0.8 பார், வெளியேறும் முனையில் 0.5 பார், எல்போவைத் தாண்டினால் பூஜ்யம் என்று கொள்வோம். சுற்றைப் பாதியாக, அதாவது 1000 ஆகக் குறைத்தால் ஓட்டமும் பாதியாகும். ஆனால் தடையால் வரும் அழுத்தம் ஓட்டத்தின் வர்க்கத்தைப் பின்பற்றும், பாதிக்குப் பாதி கால். ஆகவே நுழைவில் 0.8 இருந்தது 0.2 ஆகிவிடும். "ஐட்லில் (வேகம் கூட்டாமல் சும்மா ஓடவிட்டு) வைத்துப் பார்த்தேன், ஒன்றும் ஒழுகவில்லை" என்ற பேச்சை ஏன் நம்பக்கூடாது என்பது இந்த ஒரு எண்ணிலேயே தெரிகிறது.

அடைப்பு எங்கே என்பதையும் இதே கணக்கு காட்டிக்கொடுக்கும். எக்ஸாஸ்ட் எல்போவுக்குள் உப்பும் கரியும் படிந்து வழி குறுகினால் நுழைவு, வெளியேற்றம் இரண்டிலும் அழுத்தம் ஏறும். டியூப்களுக்குள் அடைப்பு என்றால் நுழைவில் ஏறும், வெளியேறும் முனையில் இறங்கும். அங்கே அடைத்துக்கொள்வது பெரும்பாலும் பம்பிலிருந்து பிய்ந்து வந்த பழைய இம்பெல்லரின் ரப்பர்த் துண்டுகள்தான். இம்பெல்லரை மாற்றும்போது பழையதில் எத்தனை இறக்கை குறைகிறது என்று எண்ணுங்கள். குறைவது இரண்டு என்றால் அந்த இரண்டையும் தேடி எடுக்காமல் மூடியைப் பூட்டக்கூடாது. ஸ்ட்ரெயினர் அடைத்தாலோ இம்பெல்லர் தேய்ந்தாலோ எல்லா இடத்திலும் அழுத்தம் விழும், எக்ஸாஸ்டில் கொட்டும் தண்ணீரும் மெலிந்துவிடும்.

## நல்ல தண்ணீர்ப் பக்கம்: மூடி அழுத்தத்தை உண்டாக்குவதில்லை

அதிகம் தவறாகப் பேசப்படும் பாகம் இந்த மூடி. "0.9 பார் கேப் போட்டிருக்கிறேன், அதனால் உள்ளே 0.9 பார் இருக்கிறது" என்பார்கள். கேப் எந்த அழுத்தத்தையும் உண்டாக்குவதில்லை. பிரஷர் குக்கரின் வெயிட்டைப் போல, இந்த அளவுக்கு மேல் ஏறவிடமாட்டேன் என்று உச்சவரம்பு போடுகிறது, அவ்வளவுதான்.

அழுத்தம் வருவது சூட்டினால். தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 85 டிகிரிக்குப் போகும்போது ஏறக்குறைய 3 சதவீதம் விரிகிறது. 20 லிட்டர் கூலண்ட் என்றால் அரை லிட்டருக்கு மேல். மூடிய இடத்தில் அது மேலே இருக்கும் காற்றை நெருக்கும், அழுத்தம் ஏறும். இன்ஜின் ஆறியிருக்கும்போது பூஜ்யம். சூடேறச் சூடேறக் கேப்பின் வரம்பை நோக்கிப் போகும். மேலே காற்றுக்கு நிறைய இடம் விட்டிருந்தால் வரம்பைத் தொடாமலும் நிற்கும்.

ஏன் அழுத்தம் வேண்டும்? கொதிக்காமல் இருக்க. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 0.5 பாரில் ஏறக்குறைய 111 டிகிரி, 1 பாரில் 120 டிகிரி. சிலிண்டர் சுவரை ஒட்டிய இடத்தில் ஆவிக்குமிழ் உட்கார்ந்தால் அந்த இடம் மட்டும் வெந்து விரிசல் விடும். அதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

கேப்புக்குள் இன்னொரு குட்டி வால்வும் இருக்கிறது. இன்ஜின் ஆறும்போது கூலண்ட் சுருங்கும், உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது இந்த வால்வு திறந்து ரிசர்வ் பாட்டிலிலிருந்து கூலண்டைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். இதன் ரப்பர் கெட்டால் ஹோஸ்கள் நசுங்கிப்போயிருப்பதைக் காலையில் பார்க்கலாம்.

கூலண்டைச் சுற்றவிடும் பம்ப் ஒன்றும் உண்டு. அது தன் வாயிலில் கொஞ்சம் அழுத்தத்தைக் கூட்டுகிறது. ஆனால் பல படகு இன்ஜின்களில் டியூப் கட்டு, கேப் இருக்கும் தொட்டிக்குள்ளேயே கிடக்கும். ஆகவே டியூபைச் சுற்றியுள்ள கூலண்டின் அழுத்தம் ஏறக்குறையக் கேப்புக்குக் கீழே இருக்கும் அழுத்தமே.

## இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

நம் உதாரண இன்ஜினில் 0.5 பார் கேப் என்று வைத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டிப் பார்ப்போம். நுழைவு முனையில் ஒரு டியூபில் ஊசித் துளை. அரிப்பு அதிகமாகத் தாக்குவது அந்த முனையைத்தான், தண்ணீர் சுழன்று மோதி உள்ளே நுழையும் இடம் அது.

அதிகாலையில் இன்ஜின் ஆறிக் கிடக்கிறது. ஸ்டார்ட் செய்ததுமே கடல் தண்ணீர்ப் பம்ப் வேலை செய்யத் தொடங்கிவிடும், கூலண்டோ இன்னும் சூடேறவில்லை. உப்புப் பக்கம் 0.2, நல்ல பக்கம் பூஜ்யம். கடல் தண்ணீர் உள்ளே போகிறது.

அரை மணியில் சூடேறி, மெதுவாக ஓடிக்கொண்டிருக்கிறது. உப்புப் பக்கம் அதே 0.2, நல்ல பக்கம் 0.5. இப்போது கூலண்ட் வெளியே போகிறது.

வேகம் கூட்டுகிறார்கள். ஏறக்குறைய 1600 சுற்றில் இரண்டும் சமம், எந்தப் பக்கமும் கசிவு இல்லை. 2000 சுற்றில் 0.8க்கு 0.5, மறுபடி கடல் தண்ணீர் உள்ளே. இதே துளை டியூபின் வெளியேறும் முனையில் இருந்திருந்தால் அங்கே 0.5க்கு 0.5, அசைவே இருக்காது. ஒரே டியூபின் இரு முனைகளுக்கு இரு வேறு பதில்.

கரைக்கு வந்து இன்ஜினை நிறுத்துகிறார்கள். உப்புப் பக்கம் அந்த நொடியே பூஜ்யத்துக்கு இறங்கும். நல்ல பக்கம் சூடு ஆறும்வரை 0.5ஐ ஒட்டியே நிற்கும், மெல்ல மெல்லத்தான் இறங்கும். அந்த நேரம் முழுக்கக் கூலண்ட் வெளியே கசிகிறது. இரவில் ஆறிய பிறகு நல்ல பக்கம் பூஜ்யம், சில சமயம் பூஜ்யத்துக்கும் கொஞ்சம் கீழே. ஹீட் எக்ஸ்சேஞ்சர் கடல் மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே இருந்தால் உப்புப் பக்கம் 0.05 பார். சொற்ப அழுத்தம்தான், ஆனால் விடிய விடியத் தள்ளும்.

ஆக, துளை மூச்சு விடுவது போல உள்ளே வெளியே என்று மாறி மாறி வேலை செய்கிறது. போனதும் வந்ததும் ஏறக்குறையச் சமமாகிவிட்டால் கூலண்ட் மட்டம் மாறவே மாறாது. "மட்டம் குறையவில்லை, லீக் இல்லை" என்று சொல்வது இதனால்தான் ஆபத்து. மட்டம் அப்படியே இருக்க, கூலண்ட் கொஞ்சம் கொஞ்சமாக உப்புத் தண்ணீராக மாறிக்கொண்டிருக்கும்.

கேப்பின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் இன்னும் மோசம். நல்ல பக்கம் எப்போதும் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும், மேலே சொன்ன எல்லா வேளையிலும் கடல் தண்ணீருக்கே வெற்றி. இன்ஜினிலேயே மலிவான பாகங்களில் ஒன்று, இருந்தும் கசிவின் திசையையே மாற்றிவிடுகிறது.

சுருக்கமாக: ஆறிய இன்ஜினிலும் அதிவேகத்திலும் உப்பு உள்ளே வர வாய்ப்பு, சூடான ஐட்லிலும் நிறுத்திய உடனேயும் கூலண்ட் வெளியே போக வாய்ப்பு. எண்கள் இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், இந்த ஒழுங்கு பெரும்பாலும் மாறாது.

## பெரிய கப்பலில் திசையை முன்கூட்டியே முடிவு செய்கிறார்கள்

பால் பதப்படுத்தும் ஆலைகளில் ஒரு விதி உண்டு. காய்ச்சிய பாலும் பச்சைப் பாலும் ஒரே ஹீட் எக்ஸ்சேஞ்சரில் தகட்டுக்கு இரு பக்கமும் ஓடும் இடத்தில், காய்ச்சிய பாலின் அழுத்தத்தை எப்போதும் கூடுதலாக வைப்பார்கள். தகடு ஓட்டையானால் சுத்தமானதுதான் அசுத்தத்துக்குள் போக வேண்டும். நஷ்டம் கொஞ்சம் பால், நோய் யாருக்கும் இல்லை.

பெரிய கப்பலிலும் இதே நினைப்புதான். எக்ஸ்பான்ஷன் டேங்க் என்ற சிறு தொட்டியை இன்ஜின் ரூமின் உச்சியில் வைத்து, அதன் குழாயைச் சுற்றுப் பம்பின் உறிஞ்சும் பக்கத்தில் இணைக்கிறார்கள். தொட்டி 12 மீட்டர் மேலே இருந்தால் பம்ப் ஓடாவிட்டாலும் கீழே ஏறக்குறைய 1.2 பார் நிற்கும். நம் மாடித் தொட்டிக் கணக்குதான். அதன்மேல் பம்பின் அழுத்தமும் சேர, நல்ல தண்ணீர் கடல் தண்ணீரைவிட மேலேயே இருக்கும்படி அமைக்கலாம். ஓட்டை விழுந்தால் தொட்டியில் மட்டம் இறங்கும், அலாரம் அடிக்கும். இன்ஜினுக்குள் உப்பு போகாமலேயே விஷயம் தெரிந்துவிடும்.

இன்ஜினின் மசகு எண்ணெயைக் குளிரவைக்கும் கூலரில் சிக்கல் வேறு. எண்ணெயைக் கடல் தண்ணீர் நேரடியாகக் குளிரவைக்கும் பழைய அமைப்பில் எண்ணெயின் அழுத்தத்தை மேலே வைப்பார்கள், பேரிங்குக்குள் உப்புத் தண்ணீர் போகக்கூடாது என்பதற்காக. ஆனால் ஓட்டை விழுந்தால் எண்ணெய் கடலுக்குப் போகும். இன்ஜின் ரூமிலிருந்து வெளியேற்றும் கழிவு நீரில் எண்ணெய் 15 பிபிஎம்-ஐ (பத்து லட்சத்தில் 15 பங்கை) தாண்டக்கூடாது என்கிறது கடல் மாசைத் தடுக்கும் மார்ப்பால் விதி. எண்ணெயை நல்ல தண்ணீரால் குளிரவைத்து, அந்த நல்ல தண்ணீரை மட்டும் கடல் தண்ணீரால் குளிரவைக்கும் சென்ட்ரல் கூலிங் முறையில் இந்த நேரடி வழி அடைபடுகிறது. பழைய அமைப்பு உள்ள கப்பலில் இருப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: எண்ணெய்ப் பம்பை நிறுத்திவிட்டுக் கடல் தண்ணீர்ப் பம்பை ஓடவிட்டால் அழுத்தம் தலைகீழாகி, கசிவு இருந்தால் கடல் தண்ணீர் எண்ணெய்க்குள் வந்துவிடும்.

வால்வைத் திருகும்போதும் கவனம் வேண்டும். கூலருக்குப் போகும் கடல் தண்ணீரைக் குறைக்க, நுழைவு வால்வை முழுக்கத் திறந்துவைத்து வெளியேறும் வால்வைக் கொஞ்சம் மூடுவதுதான் வழக்கம். கூலர் எப்போதும் தண்ணீரால் நிறைந்திருக்கும். ஆனால் கட்டைவிரல் இப்போது கூலருக்குப் பின்னால் வந்துவிட்டது, கூலருக்குள் கடல் தண்ணீரின் அழுத்தம் ஏறும். திருகி முடித்ததும் இரு பக்கக் கேஜையும் பார்த்து, நல்ல தண்ணீர் இன்னும் மேலே இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். இதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் குறைவு, சொல்லிக்கொடுக்க வேண்டியது அவசியம்.

## கசிவைக் கண்டுபிடிப்பது

முதலில் கூலண்டைச் சோதியுங்கள். நாக்கில் வைத்து உப்புக் கரிக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. வேண்டவே வேண்டாம். கூலண்டில் உள்ள கிளைக்கால் என்ற ரசாயனம் விஷம்.

பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில் செய்த சோதனையே போதும். ஆறிய கூலண்டில் கொஞ்சம் எடுத்து, சில துளி நீர்த்த நைட்ரிக் அமிலம் விட்டு, வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சேர்த்தால், குளோரைடு இருந்தால் தயிர் போன்ற வெள்ளை வீழ்படிவு தெரியும். அதே வகைப் புதுக் கூலண்டிலும் ஒரு முறை செய்து பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். வீட்டு ஆர்ஓ-வுக்கு வாங்கிய டிடிஎஸ் மீட்டர் இங்கே ஏமாற்றும். கூலண்டில் கலந்த மருந்தே அதில் எண்ணைக் கூட்டிக் காட்டும்.

எவ்வளவு உப்பு வந்தால் கவலை? கடல் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 19 கிராம் குளோரைடு. 20 லிட்டர் கூலண்டில் 50 மில்லி கடல் தண்ணீர், அதாவது டீக்கடைச் சின்னக் கிளாஸில் பாதி, கலந்தாலே லிட்டருக்கு ஏறக்குறைய 48 மில்லிகிராம் ஆகிவிடும். கப்பல் இன்ஜின் கூலண்டுக்குப் பரவலாக வைக்கப்படும் மேல்வரம்பு 50 மில்லிகிராம்தான்.

குளோரைடு தெரிந்தால் அடுத்தது அழுத்தச் சோதனை. இன்ஜின் முழுக்க ஆறிய பிறகே கேப்பைத் திறக்க வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். சீ காக்கை மூடி, உப்புப் பக்கத் தண்ணீரை வடித்து, ஹீட் எக்ஸ்சேஞ்சரின் இரு முனை மூடிகளையும் கழற்றுங்கள். மூடியைக் கழற்றினால் கூலண்டும் கொட்டும் வகைகள் உண்டு. அவற்றில் டியூப் கட்டை வெளியே எடுத்துத் தனியாகச் சோதிக்க வேண்டும். டியூப்களுக்குள் படிந்ததை முதலில் சுத்தம் செய்துவிடுங்கள், அந்தப் படிவே துளையை அடைத்துக்கொண்டு நிற்பது உண்டு. பிறகு கேப் இருக்கும் இடத்தில் கைப் பம்ப் டெஸ்டரை மாட்டிக் கேப்பில் எழுதியிருக்கும் அளவுவரை ஏற்றுங்கள், அதற்கு மேல் போகாதீர்கள். 20 நிமிடம் முள்ளையும் டியூப் வாய்களையும் பாருங்கள். துணியால் துடைத்துவிட்ட டியூப் முகத்தில் ஒரு வாய் மட்டும் மறுபடி ஈரமானால் அதுதான். டியூப்களெல்லாம் காய்ந்திருக்க விளிம்பில் ஈரம் வந்தால் ஓ-ரிங். எங்குமே ஈரம் இல்லாமல் முள் இறங்கினால் கசிவு வேறெங்கோ இருக்கிறது, ஹோஸ், பம்ப் சீல், ஹெட் கேஸ்கெட் என்று தேட வேண்டும். கேப்பையும் அதே டெஸ்டரில் மாட்டி, எழுதியிருக்கும் அளவில் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஒன்றிரண்டு டியூப் மட்டும் போயிருந்தால் இரு முனையிலும் கூம்பு வடிவ அடைப்பான் அடித்து ஓட்டலாம். அடைக்கும் ஒவ்வொரு டியூபும் வழியைக் குறைக்கிறது, நுழைவு அழுத்தத்தை ஏற்றுகிறது. பத்தில் ஒரு பங்கை நெருங்கினால் டியூப் கட்டையே மாற்றுவதுதான் சரி.

இன்னும் நல்லது, ஓட்டை விழுவதற்கு முன்பே ஹீட் எக்ஸ்சேஞ்சரின் உப்புத் தண்ணீர் நுழைவில் ஒன்று, கூலண்ட் தொட்டியில் ஒன்று என்று 0 முதல் 2 பார் வரை காட்டும் இரண்டு கேஜ் போட்டுவிடுவது. இன்ஜின் நன்றாக இருக்கும்போதே நான்கு நேரங்களில் இரண்டையும் குறித்துவையுங்கள்: ஆறிய நிலையில் ஸ்டார்ட் செய்ததும், சூடேறிய ஐட்லில், வழக்கமான ஓட்ட வேகத்தில், நிறுத்திய ஐந்தாவது நிமிடத்தில். அந்த எட்டு எண்களையும் பெயிண்டால் இன்ஜின் ரூம் சுவரிலேயே எழுதிவிட்டால், அடுத்து வேலைக்கு வரும் ஃபிட்டர் கேஜைப் பார்த்த மாத்திரத்தில் எது மாறியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்.